கண்ணாடி இழையும் கடல் கடந்த குரலும்

எமது அயல்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் இருக்கிறார். ஞாயிறு தோறும் காலையிலே, கனடாவில் வாழும் அவருடைய மூத்த பேரன் கைத்தொலைபேசியின் திரையில் தோன்றுவான். ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பினால் துடைத்து அணிந்துகொண்டு, "சாப்பிட்டியோ ராசா?" என்று பேச்சைத் தொடங்குவார். அங்கே அது சனி இரவு; அவன் உண்டு முடித்துப் படுக்கைக்குப் போகும் நேரம். ஆயினும் ஆச்சியின் முதற் கேள்வி ஒருபோதும் மாறுவதில்லை.

அண்மையில் ஒரு ஞாயிறு நாமும் அவ்விடத்தில் இருந்தோம். பேச்சு முடிந்ததும் ஆச்சி எம்மை நோக்கி, "தம்பி, இவன்ரை குரலும் முகமும் இவ்வளவு தூரம் எதாலை வருகுது?" என்று கேட்டார். உயர்தர வகுப்பிலே பௌதிகம் படிக்கும் இளைய பேரன் முந்திக்கொண்டு, "செய்மதியாலை, அம்மம்மா" என்றான். "இல்லை ஆச்சி, கடலுக்கு அடியாலை, மயிர்போலை ஒரு கண்ணாடி நூலுக்குள்ளாலை வருகுது" என்றோம் நாம். ஆச்சி சற்று யோசித்தார். "மண்ணெண்ணெய் விளக்கின்ரை சிமினியிலை கொஞ்சம் புகை பிடிச்சாலே வெளிச்சம் மங்கிப்போகும். கடல் நீளத்துக்குக் கண்ணாடி எண்டால் மற்றப் பக்கத்திலை என்ன தெரியும்?" என்றார்.

பேரன் சிரித்துவிட்டான். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், தொலைபேசித் துறையின் வல்லுநருட் பெரும்பாலோர் கொண்டிருந்த எண்ணமும் ஆச்சியின் எண்ணமும் ஒன்றே. கண்ணாடிக்குள் ஒளி நெடுந்தூரம் செல்லாது என்பது அன்று எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. அதனை ஒப்புக்கொள்ளாமல், "ஏன் செல்லாது?" என்று ஆலை ஆலையாகச் சென்று கேட்டுத் திரிந்த ஒருவர் இருந்தார். சார்ள்ஸ் காவோ என்பது அவர் பெயர். அவர் பிறரோடு நிகழ்த்திய உரையாடல்களும், அவருடைய இல்லத்திலே இராச்சாப்பாட்டு மேசையில் நிகழ்ந்த உரையாடல் ஒன்றுமே இக்கட்டுரையின் பொருள்.

வளைந்து செல்லும் ஒளி

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அவ்வாறாயின் வளைந்து கிடக்கும் நூலுக்குள் அது எவ்வாறு செல்லும்? இதற்குரிய விடை மிகப் பழையது. 1841இல் ஜெனீவா நகரிலே தானியல் கொலடன் என்பவர், தொட்டியொன்றின் துவாரத்தினின்று வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைப் புகுத்தி, அது நீரோடு சேர்ந்து வளைந்து இறங்குவதைக் காட்டினார். 1854இல் லண்டனிலே ஜோன் ரின்டல் என்னும் பெளதிக அறிஞரும் இதே காட்சியைச் சபையோர்க்குக் காட்டினார்.

மாணவர்கள் இதனை வீட்டிலே செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை. தெளிவான பிளாஸ்திக் போத்தல் ஒன்றின் அடிப்பக்கத்திலே பென்சில் நுழையுமளவு துளையிட்டு, விரலால் அடைத்து, நீர் நிரப்புக. அறையை இருட்டாக்கித் துளைக்கு நேரெதிர்ப் பக்கத்திலே ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு விரலை எடுத்துவிடுக. வளைந்து விழும் நீரை உள்ளங்கையில் ஏந்தினால், நீர் வீழும் இடத்தில் வெளிச்சம் துள்ளி விளையாடுவதைக் காணலாம். (அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம், அறை நனையும்.)

ஒளி உண்மையில் வளைவதில்லை. நீரினின்று காற்றுக்குள் வெளியேற முயலும் கதிர், நீரின் பக்கத்தைச் சரிவாகச் சென்று தொடுமாயின், வெளியேறாது முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இதனையே முழு உட்டெறிப்பு என்பர். இப்பக்கமும் அப்பக்கமுமாகத் தெறித்துத் தெறித்து ஒளி முன்னேறுகிறது. நீருக்குப் பதிலாகக் கண்ணாடி. அதனைச் சூழ்ந்து, ஒளியை உள்ளே திருப்பிவிடும் சற்று வேறுபட்ட கண்ணாடியாலான மேலுறை. இவ்வளவே கண்ணாடி இழையின் தத்துவம்.

இத்தகைய இழைகளைக் கற்றையாகக் கட்டி, அவற்றினூடே உருவத்தைக் கடத்தலாம் என்பதைப் பஞ்சாபிலே பிறந்த நரீந்தர் சிங் கபானி என்பவர், லண்டனில் தம் ஆசிரியர் ஹரோல்ட் ஹொப்கின்சுடன் சேர்ந்து 1954இல் வெளியிட்டார். மூன்று ஆண்டுகளின் பின், 1957இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைத்தியர் பசில் ஹேர்ஷோவிற்ஸ் அவ்வாறான கற்றையொன்றை முதலிலே தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்துவிட்டு, நோயாளரின் இரைப்பைக்குள் ஒரு சன்னலைத் திறந்தார். இன்று நம் ஆஸ்பத்திரிகளிலே வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயின் மூதாதை அதுவே.

வாயினின்று வயிற்றுக்குச் செல்ல முழநீளம் சில போதும். நகருக்கு நகர் செல்வதன்றோ கடினம்! அக்காலத்து நல்ல கண்ணாடியிலே 20 மீற்றர் சென்றதும் நூறு பங்கு ஒளியில் ஒரு பங்கே எஞ்சும். அதாவது ஒரு கிணற்றடியிலிருந்து வீட்டு வாசல் வரையிலான தூரம். அதற்கப்பால் இருள்.

ஹார்லோவிலிருந்து ஒரு கேள்வி

காவோ 1933 நவம்பர் 4ஆந் திகதி ஷங்காய் நகரிலே பிறந்தவர். 1948இல் குடும்பத்தார் சீனாவை விட்டு வெளியேறி ஹொங்கொங்கிலே குடியேறினர். அங்கு பள்ளிப்படிப்பை முடித்து இங்கிலாந்து சென்ற காவோ, 1957இல் வூல்விச் பொலிரெக்னிக்கிலே மின்பொறியியற் பட்டம் பெற்று, தொலைபேசிக் கம்பனி ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அதே கட்டிடத்தின் மேல்மாடியிலே குவென் என்னும் சீனப் பெண்மணியும் பொறியியலாளராகக் கடமையாற்றினார். இருவரும் 1959இல் மணம் முடித்தனர். அடுத்த ஆண்டு எசெக்ஸ் மாகாணத்தின் ஹார்லோ நகரிலிருந்த கம்பனியின் ஆய்வுகூடத்துக்குக் காவோ மாற்றலானார்.

1960இல் லேசர் ஒளி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஒளியலைகள் வானொலி அலைகளினும் எண்ணிறந்த மடங்கு விரைவாக அதிர்வன. ஆதலின் அவற்றின்மேல் ஏற்றக்கூடிய செய்தியும் அவ்வளவுக்கு அதிகம். ஒளியைக் கொண்டு பேசலாம் என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. அலெக்சாண்டர் கிரகம் பெல்லே 1880இல் சூரிய ஒளியின்மேற் குரலை ஏற்றி 213 மீற்றர் தூரம் அனுப்பிக் காட்டியவர். ஆனால் வெளியிலே செல்லும் ஒளியை மழை தடுக்கும், மூடுபனி தடுக்கும், காகம் ஒன்று குறுக்கே பறந்தாலும் தடுக்கும். அதற்கு ஒரு பாதை வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் உள்ளீடற்ற உலோகக் குழாய்களை நிலத்தினுள்ளே நேராகப் புதைத்து, அவற்றினூடே நுண்ணலைகளை அனுப்பும் திட்டத்திலே பெரும் பொருளைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஹார்லோவிலும் அந்த ஆராய்ச்சி நடந்தது. ஒரு மூலையிலேயே, ஏறக்குறைய ஒரு பக்கவேலையாக, ஒளிக்குப் பாதை தேடும் சிறு குழு இருந்தது. அதன் தலைவர் 1964இல் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லவே, பொறுப்பு முப்பது வயதே நிரம்பிய காவோவின் தோளில் விழுந்தது. ஜோர்ஜ் ஹொக்கம் என்னும் இளைஞர் கணக்கிலே அவருக்குத் துணையானார்.

அவர் செய்த முதற் காரியம் கேள்வியை மாற்றியதே. "கண்ணாடி ஒளியை எவ்வளவு விழுங்குகிறது?" என்றே மற்றவர்கள் கேட்டு, வந்த விடையைக் கண்டு கைவிட்டிருந்தனர். "விழுங்குவது கண்ணாடியா, அல்லது கண்ணாடிக்குள் இருக்கும் வேறொன்றா?" என்று காவோ கேட்டார். சன்னற் கண்ணாடித் துண்டு ஒன்றின் விளிம்பை உற்று நோக்குங்கள். பச்சை நிறமாகத் தோன்றும். அந்தப் பச்சை கண்ணாடியின் நிறமன்று; மணலோடு கலந்து வந்த இரும்பின் நிறம். ஆச்சியின் விளக்கிலே வெளிச்சத்தை மறைத்தது சிமினியன்று, சிமினியிற் படிந்த புகையே அன்றோ! அதுபோலவே இதுவும். இரும்பு முதலிய மாசுகளைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறைத்துவிட்டால், ஒரு கிலோமீற்றர் கடந்த பின்னும் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சும். அவ்வளவு இருந்தாற் போதும், தொலைபேசிக்கு அது பயன்படும் என்று காவோவும் ஹொக்கமும் கணக்கிட்டனர். 1966 ஜனவரியிலே லண்டன் மின்பொறியியலாளர் கழகத்தின் கூட்டத்தில் இதனை வாசித்து, அவ்வாண்டு யூலையிலே கட்டுரையாக அச்சிட்டனர்.

20 மீற்றரை 1,000 மீற்றராக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்டவர்களுட் பலர் மரியாதையோடு தலையசைத்துவிட்டுத் தத்தம் உலோகக் குழாய்களுக்குத் திரும்பினர். பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சியாளர் சிலரே அக்கறை காட்டினர்.

கண்ணாடிக்காரரோடு பேச்சு

மின்பொறியியலாளருக்குக் கண்ணாடி வார்க்கத் தெரியாது. ஆதலால் காவோ புறப்பட்டார். அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்று, கண்ணாடி ஆலைகளிலும் பிளாஸ்திக் ஆலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் உள்ள பொறியியலாளர், இரசாயனர், வியாபாரிகள் எல்லாரோடும் பேசினார். இதைவிடச் சுத்தமான கண்ணாடியைச் செய்ய முடியுமா, செய்யவில்லையென்றால் ஏன் செய்யவில்லை என்பதே அவர் எங்கும் விடாது கேட்டது.

கண்ணாடிக்காரரிலே குறை சொல்வதற்கில்லை. சன்னலுக்குக் கால் அங்குலம் போதும். மூக்குக்கண்ணாடிக்கு அதுவும் வேண்டாம். ஒரு கிலோமீற்றர் தடிப்பான சன்னலை எந்த வாடிக்கைக்காரர் கேட்பார்? கேட்பாரில்லாத பொருளை எவரும் செய்வதில்லை. உலகத்திலே பல காரியங்கள் முடியாதவை என்று கிடப்பது, செய்ய இயலாமையாலன்று, கேட்பவர் இல்லாமையாலேயே என்பது எமது எண்ணம்.

பேச்சு மட்டும் போதாதென்பதையும் காவோ அறிந்திருந்தார். மிகச் சுத்தமான கண்ணாடியிலே ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து காட்டினாலன்றி ஒருவரும் நம்பப்போவதில்லை. இது சொல்வதுபோல் இலகுவான காரியமன்று. அவர் எதிர்பார்த்த தரத்துக் கண்ணாடியிலே ஒரு சாண் நீளத் துண்டு விழுங்கும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்களவே. ஆனால் துண்டின் ஒவ்வொரு முகப்பிலும் தெறித்து வீணாகும் ஒளியோ நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு! வயலுக்குப் பாய்ச்சும் வாய்க்கால் உடைந்து நீர் ஓடும்போது, நடுவே ஒரு குருவி குடித்த நீரை அளப்பது போன்ற வேலை அது. இதற்கெனவே தனிக்கருவிகளை அமைத்து, காவோவும் அவருடைய சகாக்களும் 1968இலும் 1969இலும் தம் அளவைகளை வெளியிட்டனர். தூய சிலிக்காக் கண்ணாடி, அவர் 1966இல் வேண்டிய அளவையும் மிஞ்சி, அதனினும் பல மடங்கு தெளிவாக இருந்தது. குற்றம் கண்ணாடியினதன்று என்பது நிரூபணமாயிற்று.

ஆறிய இராச்சாப்பாடு

இவ்வாண்டுகளிலே ஹார்லோவில் காவோவின் வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் இருந்தனர். இராச்சாப்பாடு மேசையில் வைக்கப்பட்டுக் காத்திருக்கும், குழந்தைகள் காத்திருப்பர், தகப்பனாரைக் காணக் கிடையாது. நேரங்கழித்து வந்து நிற்கும் கணவரைக் கண்டு குவென் அம்மையார் கோபித்துக்கொள்வார். கோபிக்க வேண்டாம், தாங்கள் செய்வது மிகவும் அதிசயமான வேலை, ஒருநாள் அது உலகத்தையே உலுக்கப்போகிறது என்று காவோ சமாதானம் சொல்வாராம். அப்படியா, அப்படியானால் உமக்கு நோபல் பரிசும் கிடைக்கும் போலும் என்று அம்மையார் ஏளனமாகக் கேட்டாராம்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சுத்தான். இதனை வாசிக்கும் மனைவிமார் குவென் அம்மையாரின் பக்கமே நிற்பர் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. அவரும் ஒரு பொறியியலாளர் என்பதை மறந்துவிடலாகாது. கணவர் செய்யும் வேலை இன்னதென அறிந்தவராகவே அக்கோபத்தைக் கொண்டார்.

வெண்புகையினின்று கண்ணாடி

அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் என்னும் சிற்றூரிலுள்ள கண்ணாடிக் கம்பனிக்கு இச்செய்தி எட்டியது. ரொபர்ட் மோரர் என்னும் பௌதிக அறிஞர், டொனால்ட் கெக், பீற்றர் ஷுல்ற்ஸ் என்னும் இரு இளைஞரோடு சேர்ந்து முயற்சியில் இறங்கினார். மற்றவர்கள் சாதாரணக் கண்ணாடியைச் சுத்தப்படுத்த முயன்றபோது, இவர்கள் நேர்மாறான வழியைப் பிடித்தனர். அதே கம்பனியிலே பிராங்ளின் ஹைட் என்பவர் 1930ஆம் ஆண்டுகளிற் கண்ட முறையொன்று இருந்தது. சிலிக்கன் சேர்ந்த ஒரு திரவத்தை ஆவியாக்கிச் சுவாலைக்குள் செலுத்தினால், வெண்ணிறப் புகைக்கரி போன்ற சிலிக்காத் தூள் படியும். ஆவியாகும் பொழுதே இரும்பு முதலிய மாசுகள் பின்தங்கிவிடுவதால் அத்தூள் மிகச் சுத்தமானது. அதனை உருக்கினால் கண்ணாடி. ஆச்சிக்கு இது விநோதமாக இருக்கும்: அவருடைய சிமினியைக் கெடுத்தது கரிப்புகை, உலகிலே மிகத் தெளிந்த கண்ணாடி பிறந்ததோ வெண்புகையிலிருந்து!

அவர்கள் சிலிக்காக் குழாயின் உட்புறத்திலே சிறிதளவு தைத்தேனியம் கலந்த தூளைப் படியச்செய்து, சூளையிலே இளக்கி, நூலாக இழுத்தனர். 1970 ஆகத்து மாதத்து வெள்ளிக்கிழமை மாலை ஒன்றில், கெக் புதிய இழையொன்றை அளந்து பார்த்தார். லேசர் ஒளி அவர் கண்ணிலே பளிச்சிட்டது. காவோ கேட்டிருந்த எல்லையையும் தாண்டி, ஒரு கிலோமீற்றரின் பின் நூற்றுக்கு இரண்டு பங்கு எஞ்சியது. ஆய்வுக் குறிப்பேட்டிலே எண்களின் பக்கத்தில் கெக் ஒரு களிப்பொலியை எழுதி வைத்தார். ஆய்வுக் குறிப்பேடுகளிலே அத்தகைய சொற்கள் அபூர்வம்.

அந்த இழை எளிதில் முறிந்துவிடும் தன்மையது. 1972இலே தைத்தேனியத்துக்குப் பதிலாக ஜேர்மானியம் சேர்த்ததும் அக்குறையும் நீங்கியது. ஐந்து கிலோமீற்றர் சென்ற பின்பே ஒளி நூற்றிலொன்றாகக் குறைந்தது. இன்று சாதாரணமாகப் பயன்படும் இழையிலே 100 கிலோமீற்றர் சென்ற பின்பே அந்நிலை வருகிறது. கிணற்றடியிலிருந்து வாசல் வரை சென்ற வெளிச்சம், வவுனியாவினின்று புறப்பட்டால் யாழ்ப்பாணத்தை நெருங்குமளவுக்கு வளர்ந்துவிட்டது.

1970இலேயே, அறை வெப்பத்தில் இடைவிடாது இயங்கும், உப்புக்கல்லிலும் சிறிய லேசர்களை லெனின்கிராட்டிலும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலும் செய்து முடித்தனர். பாதையும் வண்டியும் ஒரே ஆண்டிலே கிடைத்தன எனலாம். நிலத்தினுள் புதைக்கவிருந்த உலோகக் குழாய்த் திட்டங்கள் கைவிடப்பட்டன.

கடலுக்கு அடியில்

1956இலே அத்திலாந்திக் சமுத்திரத்தின் கீழ் இடப்பட்ட முதற் தொலைபேசிச் செப்புக் கம்பித் தொடரிலே ஒரே சமயத்தில் 36 பேச்சுக்களே செல்ல இடமிருந்தது. 1988 திசெம்பரிலே அதே சமுத்திரத்தின் கீழ் முதலாவது கண்ணாடி இழைத் தொடர் வேலைக்கு வந்தபோது, அதிலே ஏறக்குறைய 40,000 பேச்சுக்கள் சென்றன. வழியிலே தளரும் ஒளிக்கு உயிரூட்ட, முன்னர் அதனை மின்சாரமாக மாற்றி மீண்டும் ஒளியாக்க வேண்டியிருந்தது. 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார், எர்பியம் என்னும் உலோகம் கலந்த இழைத்துண்டினால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் வழியைக் காட்டினர். அதன் பின் கடல்களுக்கு எல்லையில்லாமற் போயிற்று.

இலங்கைக்கு அந்நூல் வந்து சேர்ந்தது 1994இல். தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த இரண்டாவது தொடர் கொழும்பிலே கரையேறியது. அதே வரிசையில் வந்த ஐந்தாவது தொடர் 2016இல் மாத்தறையைத் தொட்டது. ஆழ்கடலிலே இத்தொடரின் பருமன், பூந்தோட்டத்துக்கு நீர் விடும் ரப்பர்க் குழாயினளவே. உருக்குக் கம்பியும் செப்பும் பிளாஸ்திக்கும் சுற்றிய அதன் நடுவே, மயிரினும் சற்றே தடித்த சில கண்ணாடி இழைகள் கிடக்கின்றன. ஆச்சியின் பேரனுடைய முகம், செக்கனுக்குப் பல கோடி முறை மின்னி மறையும் ஒளிப்பொட்டுக்களாகி அதற்குள் ஓடி வருகிறது.

செய்மதி என்று சொன்ன இளைய பேரனையும் நாம் முற்றாகக் குறைகூற மாட்டோம். முன்னாளில் வெளிநாட்டுப் பேச்சுக்கள் பல செய்மதி வழியாகவே வந்தன. 36,000 கிலோமீற்றர் உயரம் ஏறி இறங்க வேண்டியிருந்தமையால், நாம் பேசியது அங்கே சென்று சேரக் கால் செக்கன் எடுக்கும். அவர் மறுமொழி திரும்ப இன்னொரு கால் செக்கன். இருவரும் ஒருங்கே பேசி, ஒருங்கே நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கோ", "இல்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்று மாறி மாறி உபசரித்துக் காசைக் கரைத்த அனுபவம் மூத்த வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அந்த இடைவெளியைக் குறைத்ததும் கண்ணாடி இழையே.

இவ்விழை இன்னும் எவ்வளவு காலம் நின்று பயன்படும் என்று ஒரு பத்திரிகையாளர் காவோவைக் கேட்டாராம். ஆயிரம் ஆண்டு என்று சொன்ன காவோ, உடனே, தம் சொல்லை நம்பிவிட வேண்டாம், தாமும் நிபுணர்களின் சொல்லை நம்பியவரல்லர் என்றும் சொன்னாராம். அந்த எச்சரிக்கை வீணாகவில்லை. 2025இல் சவுத்தாம்ப்டன் ஆராய்ச்சியாளரும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்விலே, நடுவே கண்ணாடியே இல்லாத ஓர் இழையைக் காட்டினர். மெல்லிய கண்ணாடிச் சவ்வுகளாலான சுவர்களுக்கு நடுவே, வெறும் காற்றினூடே ஒளி செல்கிறது. 100 கிலோமீற்றரின் பின் நூற்றிலொன்றன்று, பன்னிரண்டு பங்களவு எஞ்சும் என்பது அவர்கள் தந்த அளவையினின்று பெறப்படுகிறது. காற்றிலே ஒளி, கண்ணாடியிற் செல்வதினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரைந்தும் செல்லும். உள்ளீடற்ற குழாய்களை வென்று வந்த கண்ணாடி இழை, தானே உள்ளீடற்ற குழாயாக மாறுவது வேடிக்கை அன்றோ! இது கடலடிக்குச் சென்று சேர்வதற்கு இன்னும் வேலை உண்டு.

ஸ்ரொக்ஹோமிலே

காவோ 1970இல் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்திலே மின்னணுத் துறையைத் தொடக்கி வைத்தார். பின் அமெரிக்காவிலே சில காலம் தொழிலாற்றி, 1987 முதல் 1996 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 2009 ஒக்டோபரிலே பௌதிகத்துக்கான நோபல் பரிசின் பாதி அவருக்கு அறிவிக்கப்பட்டது. மறுபாதி, இன்றைய புகைப்படக் கருவிகளுக்கு வழிகாட்டிய வில்லார்ட் போயில், ஜோர்ஜ் சிமித் இருவருக்கும்.

கபானிக்கு அதிலே பங்கில்லாதது குறித்து அன்று பலர் வருந்தினர். 2020இல் அவர் காலமானபோதும் அவ்வருத்தம் மீண்டும் எழுந்தது. ஹொக்கமுக்கும் கோர்னிங் மூவருக்கும்கூடப் பங்கில்லை. பரிசுக்குழுவார் இழையைச் செய்தவரைவிட்டு, அதனைப் பற்றிய கேள்வியைக் கேட்டவரைத் தெரிந்தனர் என்றே நாம் கொள்கிறோம். அது நியாயந்தானா என்பதை வாசகர்கள் வீட்டிலே விவாதித்துக்கொள்ளலாம்.

பரிசு கிடைத்த வேளையிலே காவோவுக்கு எழுபத்தாறு வயது நெருங்கியிருந்தது. அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே, நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் அல்சைமர் நோய் அவரைப் பற்றியிருந்தது. அவருடைய தந்தையாருக்கும் அந்நோய் இருந்தது. ஆலை ஆலையாகச் சென்று பேசிய மனிதருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. உலகத்தார் கடல் கடந்து பேசுவதற்குப் பாதை வகுத்தவர், தம் சாதனையைத் தாமே எடுத்துச் சொல்ல இயலாதவரானார்.

பரிசு பெறுவோர் ஸ்ரொக்ஹோமிலே விரிவுரை நிகழ்த்துவது வழக்கம். 2009 திசெம்பர் 8ஆந் திகதி அவ்விரிவுரையைக் கணவருக்காக நிகழ்த்தியவர் குவென் அம்மையார். பண்டை நாள் மணல் வருங்காலக் குரல்களை விரைவிற் சுமப்பதைப் பற்றிய தலைப்பொன்றை அதற்குச் சூட்டியிருந்தார். கண்ணாடி, மாசு, அளவை, ஆலைப் பயணம் எல்லாவற்றையும் பொறியியலாளரான அவர் முறையாக விளக்கினார். நாம் மேலே சொன்ன இராச்சாப்பாட்டுக் கதையையும், தாம் ஏளனமாகக் கேட்ட நோபல் பரிசுக் கேள்வியையும் உலகறியச் சொன்னவரும் அவரே. கணவர் சொன்னது சரியாகிவிட்டது என்று அங்கே ஒப்புக்கொண்டார்.

இரு நாட்களின் பின் பரிசளிப்பு விழா. பரிசு பெறுபவர் மேடையின் நடுவே சென்று மன்னரை வணங்கிப் பெற்றுக்கொள்வது முறை. அன்று காவோவுக்காக அம்முறை தளர்த்தப்பட்டது. சுவீடன் மன்னரே அவர் நின்ற இடத்துக்கு நடந்து வந்து பதக்கத்தைக் கையளித்தார். மறு ஆண்டிலே கணவனும் மனைவியுமாக, அல்சைமர் நோயுற்றோருக்கு உதவும் அறநிலையம் ஒன்றை ஹொங்கொங்கிலே நிறுவினர். 2018 செப்தெம்பர் 23ஆந் திகதி அந்நகரிலேயே காவோ காலமானார்.

இக்கதை முழுவதையும் சென்ற ஞாயிறு, கனடாப் பேச்சு முடிந்த பின், ஆச்சிக்குச் சொன்னோம். இளைய பேரனும் கொப்பியொன்றை வைத்துக்கொண்டு கேட்டிருந்தான். 20 மீற்றர், 1 கிலோமீற்றர், 100 கிலோமீற்றர் என்று குறித்துக்கொண்டான். ஆச்சி கண்ணாடியைப் பற்றியோ மணலைப் பற்றியோ எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "தம்பி, தேப்பனைப் பாத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையள், அண்டைக்கு இரவு நேரத்துக்குச் சாப்பிட்டவையோ?" என்று கேட்டார்.